மஃபாத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது? ஹெலிகாப்டர் போதாதா?

கேள்வி, 11 மே 2025

ஆகஸ்டில் அப்பா அம்மா புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள், மூன்று வாரம் இருப்பார்கள். நான் ரீயூனியன் தீவுக்கு, லெ போர் ஊரில் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட வேலை செய்கிற எல்லாரும் மஃபாத் மஃபாத் என்று உயிரை விடுகிறார்கள். தேடிப் பார்த்தால் ஒரு அருவி, ஒரு சர்ச், ஒரு பேக்கரி. இதற்காக இரண்டு நாள் நடக்க வேண்டுமா? ஹெலிகாப்டரில் மேலிருந்து ஒரு சுற்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அப்பாவுக்கு 66, முழங்கால் சுமார். அம்மா சுத்த சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

12 மே 2025

தம்பி, உங்கள் பட்டியலில் தப்பே இல்லை. அருவி, சர்ச், பேக்கரி, இன்னும் தேடினால் இரண்டு மூன்று மளிகைக் கடை, சின்னப் பள்ளிக்கூடம், ஹெலிகாப்டர் இறங்குகிற புல்தரை. இதைப் பார்க்க யாரும் மலை இறங்கி ஏறுவதில்லை.

தீவின் நடுவில் பித்தோன் தே நேழ், 3,070 மீட்டர், அணைந்துபோன எரிமலை. அதைச் சுற்றி மலை சரிந்தும் மழை அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள்: சலாசி, சிலாவோஸ், மஃபாத். முதல் இரண்டுக்கும் தார் ரோடு உண்டு, பஸ் உண்டு. மஃபாத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ரோடு கிடையாது. உள்ளே எழுநூறு எண்ணூறு பேர், இலே என்று சொல்கிற மேட்டுக் குடியிருப்புகளில் சிதறி வாழ்கிறார்கள். அரிசி, கேஸ் சிலிண்டர், சிமெண்ட், பீர் எல்லாம் ஹெலிகாப்டருக்கு அடியில் வலையில் தொங்கிக்கொண்டு வரும், மிச்சம் தோளில். மின்கம்பி இல்லை, கூரைக்குக் கூரை சோலார் தகடு. ரோடு இல்லாத ஊரில் ஒரு ராத்திரி இருந்து பார்ப்பதுதான் அங்கே செய்வதற்குரிய காரியம். அதனால் என்ன பார்ப்பது என்று தேடாதீர்கள், எந்த வழியாக இறங்குவது என்று கேளுங்கள். பாதி பேர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

13 மே 2025

சரி, வழிகள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, உங்களுக்குப் பயன்படுகிறவை மட்டும்.

கோல் தே பே கணவாய், சலாசி பக்கம். கிராண் இலே என்கிற ஊரைத் தாண்டி மலைக்காட்டு ரோடு முடிகிற இடத்தில் காசு கொடுத்து காரை விடலாம், காவல் உண்டு. அங்கிருந்து கணவாய்க்குக் கொஞ்சம் ஏற்றம், அப்புறம் இறக்கம்தான். கணவாய் கிட்டத்தட்ட 1,950 மீட்டர், கீழே மஃபாத்துக்குள் லா நூவெல் என்கிற இலே 1,430 மாதிரி. சாதாரணமாக நடப்பவருக்கு இரண்டு மணி நேரம். பாதை முழுக்க மரக்கட்டை வைத்துக் கட்டிய படிகள். உங்கள் அப்பாவுக்கு ஏதாவது வழி சரிப்படும் என்றால் அது இதுதான்.

சிலாவோஸ் பக்கமிருந்து தய்பி கணவாய், 2,081 மீட்டர். முதலில் எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், பிறகு மார்லா என்கிற இலேவுக்கு இறக்கம். ஏறுகிற வழியில் ஓர் இடத்தில் மூலிகைத் தேநீர் தருவார்கள், ஏறுகிறவருக்கு ஒரு கஷாயம், இறங்குகிறவருக்கு வேறொரு கஷாயம். இரண்டையும் குடித்திருக்கிறேன், ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

மாய்தோ மலைமுகட்டிலிருந்து ரோஷ் ப்ளாத் இலேவுக்கு: ஒரே மூச்சில் தொள்ளாயிரம் மீட்டருக்குக் குறையாத இறக்கம். முழங்கால் சுமார் என்பவருக்கு இதை யாராவது சொன்னால் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், உட்கார்ந்தால் திரும்பி வரும். இறக்கத்தில் போன முழங்கால் இரண்டு வாரத்துக்குத் திரும்பாது.

கீழிருந்து, ரிவியேர் தே கலே ஆற்றுப் படுகை வழியாக. தே ப்ரா வரை ஜீப் மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் ஓடுகின்றன, ஆற்றுக்குள்ளேயே போகும். அங்கிருந்து ஒரேர் என்கிற இலேவுக்கு நல்ல ஏற்றம், கயேன், கிராண் ப்ளாஸ் இலேக்கள் பக்கமும் போகலாம். வெயில் காலத்தில் இந்தப் பக்கம் கொதிக்கும். லெ போரிலிருந்து உங்களுக்கு ரொம்பப் பக்கம், நீங்கள் தனியாகப் போவதானால் இதையும் நினைவில் வையுங்கள்.

13 மே 2025, இரவு

ஒன்று விட்டுப்போனது. மேலே சொன்ன நேரமெல்லாம் காலை ஏழு மணிக்குள் கிளம்புகிறவர்களுக்கு. பத்து மணிக்கு மேல் கணவாயில் மேகம் ஏறிவிடும், அப்புறம் முன்னால் போகிறவரின் பைதான் தெரியும்.

16 மே 2025

ஹெலிகாப்டர் சுற்று பற்றி நான் எப்போதுமே கொஞ்சம் காட்டமாகப் பேசுகிறேன் என்று ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். காட்டம்தான். பயணிகள் ஹெலிகாப்டர்கள் நல்ல வானிலையில் காலை முழுக்க வந்துகொண்டே இருக்கும். மார்லாவில் காலைக் காப்பியோடு உட்கார்ந்தால், ஊரே அமைதி என்று நினைத்து வாய் மூடும் முன் ஒன்று தலைக்கு மேல் போகும். உள்ளே இருப்பவர்களுக்குச் சரக்கு கொண்டுவருகிற ஹெலிகாப்டர் வேறு, அதன் சத்தத்தை யாரும் குறை சொல்வதில்லை. நோயாளியைத் தூக்கிப் போவதும் ஹெலிகாப்டர்தான். வேடிக்கை பார்க்க வருகிறதுதான் எரிச்சல்.

ஆனால் பணம் இருந்து, அப்பாவால் நடக்கவே முடியாது என்றால், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்போதுகூட மஃபாத்துக்காக ஏறாதீர்கள், த்ரூ தெ ஃபேர் என்கிற பள்ளத்தாக்குக்காக ஏறுங்கள். அருவிகள் பல ஒரே குழிக்குள் கொட்டுகிற இடம் அது. தரையிலிருந்து பெலூவ் காட்டுக்குள் சேற்றில் நடந்து போனால் ஒரு மேடையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் தெரியும், அதுவும் மேகம் விட்டால். அங்கே மேலிருந்து பார்ப்பதற்கு நியாயம் உண்டு. மஃபாத்தை மேலிருந்து பார்க்க மாய்தோ இருக்கிறது. காரிலேயே ஏறலாம், 2,200 மீட்டர், காலை ஏழு மணிக்குப் போனால் பள்ளம் முழுவதும் காலடியில் விரியும், ஒரு பைசா செலவில்லை.

17 மே 2025

"மாய்தோ போய்விட்டோம், மேகத்தைத்தான் பார்த்தோம்" என்று எழுதியவருக்கு: எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே?

18 மே 2025

அவர் பதில் போட்டுவிட்டார். பதினொன்றரை. மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

22 மே 2025

சைவம். இதை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பயப்படுவதும் இதற்குத்தான், பட்டினி கிடப்பதும் இதனால்தான்.

தங்குமிடத்தை ஜீத் என்பார்கள். இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேஜை, ஏழு மணி வாக்கில். சோறு, ஒரு பருப்போ பீன்ஸோ, கோழிக் கறி இல்லாவிட்டால் ருகாய் சொசீஸ் என்கிற சாசேஜ் குழம்பு, காரத்துக்குத் தக்காளியோ வேறு காயோ இடித்த ருகாய், ஓரத்தில் கீரை. கீரை பெரும்பாலும் சௌசௌ கொடியின் தளிர். ஊரில் காயை மட்டும் கூட்டு வைக்கிற நமக்கு அந்தத் தளிர் ஒரு கண்டுபிடிப்பு, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் அருமை. கடைசியில் ரம் அர்ரான்ஜே ஒரு சின்ன கிளாஸில், வெனிலா, லிச்சி, என்னவெல்லாமோ ஊறியிருக்கும்.

பார்த்தால் சைவத்துக்குப் பாதிக்குமேல் இருக்கிறது என்று தோன்றும். பருப்பில்தான் கவனம் வேண்டும். புகைபோட்ட பன்றிக்கொழுப்பு ஒரு துண்டு பல சட்டியில் விழும், ருசிக்கு. கேட்டால் மறைக்க மாட்டார்கள், கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சியே இல்லை.

வெஜிடேரியன் என்று சொன்னால் சில இடங்களில் ஆம்லெட் வரும், மீன் டின் திறந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் போனில் "கரேம்" என்றுதான் சொல்வது. தீமிதிக்கும் காவடிக்கும் இங்கே மலபார் என்று சொல்கிற நம் தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் விரதம் இருப்பதை இந்தத் தீவில் யாருக்கும் விளக்க வேண்டாம். மலையில் இருக்கிற வெள்ளைக்கார அம்மாவுக்கும் தெரியும்: கரேம் என்றால் முட்டை கிடையாது, மீன் கிடையாது, கரண்டிகூடத் தனி. என் மாமியார் கொடுத்த யோசனை இது. ஒருமுறை ஒரு ஜீத்தில் அந்த அம்மா எங்களுக்கென்று புதுச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்திருந்தார். விரதமே இல்லாமல் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ரம் கிளாஸைத் தொடவே முடியவில்லை, பாவம். கரேம் என்று சொல்லிவிட்டோமே.

23 மே 2025

ஊறுகாய் கொண்டு போகலாமா என்று ஒரு கேள்வி. கொண்டு போங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். பை முழுக்க எண்ணெய் வாசனையோடு மூன்று கணவாய் ஏறியவரை எனக்குத் தெரியும். குப்பை எல்லாவற்றையும் திருப்பித் தூக்கிக்கொண்டு வாருங்கள், அங்கே சேர்கிற குப்பையும் ஹெலிகாப்டரில்தான் வெளியே போக வேண்டும்.

30 மே 2025

"நம் ஆட்கள் யாராவது அங்கே குடியிருக்கிறார்களா?" இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பது. சுருக்கமான பதில்: கோயிலைத் தேடிப் போகாதீர்கள்.

நம்மவர்கள் கரும்புக்காக வந்தவர்கள், கரும்பு கடலோரத்தில். 1848 டிசம்பர் 20 அடிமைமுறை ஒழிந்த நாள். அதற்குப் பிறகுதான் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள், 1860 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் எடுத்தார்கள், 1882-ல் பிரிட்டிஷ்காரர்கள் அதை நிறுத்தினார்கள். சேன் ஆந்திரே, சேன் போல், சேன் பியேர் பக்கம் கோயில்கள் இருப்பதும், மலைக்கு உள்ளே இல்லாததும் அதனால்தான்.

மஃபாத்துக்குள் முதலில் போனவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள், மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். மஃபாத் என்பதே அப்படி ஓடிப்போனவர்களின் தலைவன் ஒருவனின் பெயர். 1751-ல் பிரான்சுவா முசார் என்கிற அடிமை வேட்டைக்காரனின் கூட்டம் அவனைக் கொன்றது. சிமாந்தெஃப், அன்ஷேங், திமிதில் என்று இந்த மலைகளின் பெயர்களில் பல அவர்களுடையவை. வேட்டையாடியவன் பெயரை எந்தச் சிகரத்துக்கும் வைக்காமல், வேட்டையாடப்பட்டவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இந்தத் தீவில் பிடித்த விஷயங்களில் ஒன்று. அப்புறம் நிலம் இல்லாத ஏழை வெள்ளைக்காரர்களும் மேலே ஏறி வந்தார்கள். இன்றைக்கு இருப்பவர்கள் இந்த இரண்டு கூட்டத்தின் வாரிசுகள். நிலம் அவர்களுடையது கிடையாது, மாவட்டத்துக்குச் சொந்தம், வனத்துறை பார்த்துக்கொள்கிறது, குடியிருப்பவர்களுக்கு அனுபவ உரிமை மட்டும்.

என் வீட்டுக்காரரின் பாட்டனாருக்கு அப்பா காரைக்காலிலிருந்து வந்தவர். கரும்புக் கொல்லையிலிருந்து அவருக்கு இந்த மலைச்சுவர் தினமும் தெரிந்திருக்கும். அதற்குப் பின்னால் மனிதர் இருப்பது தெரிந்திருக்குமோ என்னவோ. நான் காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்து இங்கே மருமகளாக வந்தவள், எனக்கு மலை என்றால் திருப்பதி, அங்கே லட்டு உண்டு.

31 மே 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன், தபால்காரரை விட்டுவிட்டேன். இவ்ரின் போசே. 1951-லிருந்து நாற்பது வருடம் மஃபாத்துக்குத் தபால் கொண்டுபோனவர், முழுக்க நடந்து. இலே இலேயாக இறங்கி ஏறிக் கடிதம் கொடுத்து, எழுதத் தெரியாதவர்களுக்குச் செய்தியையும் சுமந்திருக்கிறார். படிகளில் மூச்சு வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். பிரயோஜனம் ஒன்றும் இல்லை, மூச்சு வாங்கத்தான் செய்யும்.

4 ஜூன் 2025

செருப்பு, ஷூ. காரைக்காலிலிருந்து வந்த என் தம்பி, "வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்தவன் நான்" என்று தோல் செருப்போடு கிளம்பினான். லா நூவெலில் ஒரு பாட்டி அவனுக்கு ரப்பர் பூட்ஸ் கடன் கொடுத்தார். ஒரு சைஸ் சின்னது. திரும்பி ஏறுகிற வழி முழுக்க வேளாங்கண்ணி மாதாவையே கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

அடிப்பாகம் பிடிமானமான ஷூ, இறக்கத்துக்கு இரண்டு கைத்தடி. மழைச்சட்டை. ஆகஸ்டில் மார்லாவில் இரவு ஒற்றை இலக்கக் குளிர், அது 1,600 மீட்டரில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் குல்லா அவசியம். ரொக்கமாக யூரோ வைத்துக்கொள்ளுங்கள், பணம் எடுக்கிற இயந்திரம் கிடையாது. டார்ச். ஆறு மணிக்கே இருட்டிவிடும், மலைச்சுவருக்குப் பின்னால் சூரியன் அதற்கும் முன்னாலேயே போய்விடும்.

9 ஜூன் 2025

பாதை மூடல்கள் பற்றி. பிப்ரவரி 28 காரான்ஸ் புயல் அடித்தபோது நீங்கள் இங்கேதான் இருந்திருப்பீர்கள், சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு மலையில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முதல் நாள் வனத்துறைப் பட்டியலில் பாருங்கள். போன மாதம் நண்பர் போனாரே என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்த மலை நின்ற இடத்தில் நிற்கிற மலை இல்லை. ரிவியேர் தே கலே பக்கம் வெந்நீர் ஊற்று ஒன்று இருந்தது, ஒரு காலத்தில் வசதிக்காரர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்களாம் குளிக்க. 1913-ல் மலை சரிந்து மூடிவிட்டது, அதோடு சரி.

சான் சூசியிலிருந்து ஒரான்ழே என்கிற இலேவுக்குப் போகிற குழாய்ப் பாதையை ஒருவர் பரிந்துரை செய்திருக்கிறார். தண்ணீர்க் குழாயை ஒட்டிய பாதை, பெரும்பகுதி சமதளம், உண்மைதான். அதைக் கேட்டு "அப்பாவுக்கு இது நல்லதாச்சே" என்று நீங்களும் கேட்டுவிட்டீர்கள். சமதளம் என்பது பாதி விஷயம்தான் தம்பி. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், மேலிருந்து கல் விழுகிற இடங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம், நடுவில் திரும்பலாம் என்றால் வந்த வழியே முழுக்க. மழைக்கு மறுநாள் நான் போக மாட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு எந்த நாளும் போக மாட்டேன்.

21 ஜூன் 2025

இரண்டு இரவு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு, நான் செய்கிற மாதிரி சொல்கிறேன். மற்றவர்கள் வேறு சொல்வார்கள்.

முதல் நாள் கோல் தே பேயில் இறங்கி, தமரின் சமவெளி. பாசி தொங்குகிற, வளைந்து கிடக்கிற மரங்கள், இந்தத் தீவுக்கே உரிய வேலமர இனம், மேகம் உள்ளே வந்தால் நன்றாக இருக்கும், மேகத்தைத் திட்டாமல் ரசிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். லா நூவெலில் நிற்காமல் மார்லாவுக்குப் போய்விடுவேன். இடையில் சவுக்குத் தோப்பு ஒன்று வரும், ஊர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்வேன். டெக்-டெக் என்று ஒரு சின்னக் குருவி, பாதையோரமாக முன்னால் பறந்து உட்கார்ந்து, நீங்கள் கிட்டே வந்ததும் மறுபடி பறந்து, கூடவே வரும். காலால் கிளறுகிற மண்ணில் பூச்சி கிடைக்கும் என்று வருகிறதாம். பிள்ளைகள் இருந்தால் அரை மணி நேர நடை இதிலேயே சத்தமில்லாமல் ஓடிவிடும்.

இரண்டாம் நாள் த்ருவா ரோஷ். மார்லாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஆறு அகலமான பாறைமேல் சின்னதாக ஓடிவந்து, திடீரென்று பிளவுக்குள் இறங்கிக் காணாமல் போகும். மேல் பக்கம் கால் நனைக்கலாம். விளிம்புக்குப் போகாதீர்கள், வழுவழுப்பான பாறை. படத்துக்கு நிற்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், நான் பக்கத்தில் நின்று சத்தம் போடுகிற ரகம். பிறகு திரும்பி வந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது. துணி காயப் போடுவது. ஹெலிகாப்டர் சரக்கு இறக்குவதை ஊர்ப் பிள்ளைகளோடு நின்று பார்ப்பது, அது சினிமாவைவிட நன்றாக இருக்கும். நடுநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வாரம் முழுக்க வெளியே விடுதியில் இருப்பார்கள், வெள்ளிக்கிழமை அவர்கள் பையோடு ஓடி இறங்குவதைப் பார்த்தால் நாம் நடப்பதற்கு நடை என்று பெயர் வைக்கவே வெட்கமாக இருக்கும்.

மூன்றாம் நாள் தய்பி ஏறி சிலாவோஸ். வந்த வழியே திரும்பினால் காரை எடுக்கலாம், இப்படிப் போனால் கார் சலாசியில் நிற்கும். மச்சான் யாரையாவது சிலாவோஸுக்கு வரச்சொல்லுங்கள். எனக்கு மச்சான்கள் நிறைய.

22 ஜூன் 2025

லா நூவெலில் நிற்காமல் போவேன் என்று எழுதியதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இருக்கிற இலேக்களில் அதுதான் பெரியது, நீண்ட விடுமுறையில் கூட்டம் தாங்காது, எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், பெற்றோரோடு போகிற தம்பிக்கு லா நூவெல்தான் சரி. கடை இருக்கிறது, தேர்ந்தெடுக்க ஜீத்கள் நிறைய, முழங்கால் மக்கர் செய்தால் ஒருநாள் கூடுதலாக இருந்துவிட்டு ஏறலாம். என் விருப்பத்துக்கு அவரை மார்லா வரை நடத்துவது பாவம். காலையில் ரொட்டி வாசனையும் சும்மா சொல்லக் கூடாது.

2 ஜூலை 2025

ஜீத் முன்பதிவு செய்தீர்களா இல்லையா? ஆகஸ்டில் பள்ளி விடுமுறையின் கடைசி வாரங்களும், பிரான்சிலிருந்து வருகிற கூட்டமும் சேரும். ஞாயிறு இரவைத் தேர்ந்தெடுங்கள், வார இறுதிக்காரர்கள் அன்று மதியமே ஏறிவிடுவார்கள். பதிவு செய்ததும் ஒருமுறை, போவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி ஒருமுறை போன். எங்கள் பெயர் நோட்டில் இல்லை என்று ஓர் இடத்தில் சொல்லி, சாப்பாட்டு அறையில் மேஜைகளை நகர்த்திப் படுக்க வைத்தார்கள்.

3 ஜூலை 2025

அக்டோபரில் போகலாமா என்று கேட்கிறவர்: போகலாம், வானிலை நல்லது. கிராண் ரெய்ட் ஓட்டப்பந்தய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 160 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் மட்டும் மொத்தம் பத்தாயிரம் மீட்டர் வாக்கில், தீவைத் தெற்கிலிருந்து வடக்குக்குக் குறுக்காக ஓடுகிறார்கள், மஃபாத் வழியாகத்தான். ராத்திரி முழுக்கத் தலைவிளக்குகள் மலையில் ஊர்ந்து போகும். வேடிக்கை பார்க்கவென்றே போகிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஓடினான், முடித்தான், ஒரு வாரம் படிக்கட்டில் பின்பக்கமாகவே இறங்கினான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை கேட்கவே கேட்காதீர்கள். 1980 ஜனவரியில் இயாசந்த் புயலின்போது எரிமலைப் பக்கம் கொம்மெர்சோனில் பதினைந்தே நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை. காரைக்காலில் நாலைந்து வருடம் பெய்கிற மழை அது.

19 ஆகஸ்ட் 2025

தம்பியின் பதிவைப் பார்த்தேன். அப்பா தமரின் சமவெளி வரை இறங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "இதுக்கு மேல நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கியே இருக்கேன்" என்றாராம். அம்மாதான் லா நூவெல் வரை போகணும் என்று அடம் பிடித்தாராம்! கடைசியில் தம்பி அப்பாவோடு திரும்பி ஏறி, அம்மாவும் தம்பியின் நண்பரும் இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். முழங்காலைப் பற்றியே இத்தனை எழுதினேன், அம்மாவின் முழங்காலை யாருமே விசாரிக்கவில்லை பாருங்கள், நானும்தான். கரேம் என்று சொன்னது வேலை செய்ததில் மகிழ்ச்சி.

அப்பா செய்தது நல்ல காரியம். கணவாயிலிருந்து அந்தச் சமவெளிக்கு முக்கால் மணி நேர இறக்கம், திரும்பி ஏறுவதும் தாங்கக்கூடியது. நடக்க முடியாதவர்களுக்கு இதையே இனி சொல்லலாம்: அங்கே வரை போங்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள், திரும்புங்கள்.

20 ஆகஸ்ட் 2025

மிச்சமிருக்கிற வாரத்துக்கு அப்பாவைச் சிலாவோஸ் கூட்டிப் போங்கள். சேன் லூயியிலிருந்து ஏறுகிற ரோடு, நானூறு வளைவு என்று பெயர் வாங்கியது, ஒற்றை வண்டி மட்டும் நுழைகிற குகைப்பாதைகளும் உண்டு. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில், காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பஸ்ஸிலும் போகலாம், அந்த ஓட்டுநர்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

மேலே போனால் வெந்நீர்க் குளியல் இருக்கிறது, அப்பாவின் முழங்காலுக்கு ஆகும், முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். துணியில் நூலை உருவி உருவிப் போடுகிற பூவேலை அங்கே பேர்போனது, அதற்கென்று ஒரு காட்சி இல்லமும் உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும், விலையைக் கேட்டால் பிடிக்காது. பருப்பு வாங்குங்கள். இலே ஆ கோர்த் பக்கம் விளைகிற சின்னப் பருப்பு, இங்கே மற்றதைவிட விலை அதிகம்தான், சாம்பாருக்குப் போட்டு வீணாக்காதீர்கள், குழையாது. வெங்காயம், பூண்டு, மஞ்சள், கொஞ்சம் தைம் தழை போட்டுத் தனியாக வேக வையுங்கள். ரோட்டோரத்தில் விற்கிறதில் எல்லாம் சிலாவோஸ் பருப்பு கிடையாது, விளைவிக்கிறவர் வீட்டு வாசலில் எழுதி வைத்திருப்பார், அங்கே வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோவதானால் பூச்சி வராமல் இருக்க இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிட்டுப் பெட்டியில் போடச் சொல்லுங்கள் அம்மாவிடம்.